முகப்புப் படம்

அந்த ஊருக்கென்று ஓர் இணையதளம் இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு உடனே மூடியவர்கள்தான். திறந்த மாத்திரத்தில் யாரோ குழல் வாசிப்பார்கள். நிறுத்த வழி கிடையாது. மேலே ஓர் அருவி கொட்டிக்கொண்டிருக்கும். ஊரில் அருவி கிடையாது. இருக்கிற ஒரே நீரோட்டம் மார்க்கெட்டுக்குப் பின்னால் போகிற வாய்க்கால்தான். அதை யாரும் படம் எடுத்து மாட்ட மாட்டார்கள். 'தொடர்புக்கு' என்ற இடத்தில் செத்துப்போன ஒருவரின் தொலைபேசி எண் இருந்தது. யாராவது கூப்பிட்டால் அவருடைய மகள் எடுத்து, "அப்பா இல்லீங்க" என்று பொறுமையாகச் சொல்லுவாள்.

ஊருக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று விழாக் குழு ஒன்று கூடியபோது, முதலில் இந்தத் தளத்தைத்தான் தூக்கிப் போட வேண்டும் என்று முடிவானது. குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் குடையை மடக்கியபடி கம்ப்யூட்டரம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். துணிக்கடை, தனிப்பயிற்சிப் பள்ளி, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர் என்று ஊரில் யாருக்கு இணையப் பக்கம் வேண்டுமானாலும் அவள்தான். வீட்டு முன்னறையில் சுவரோரம் அவளுடைய மேசையும் இரண்டு திரைகளும். எதிர்ச்சுவரோரம் நாத்தனாரின் தையல் மிஷின். ஜன்னலோரம் புருஷனுடைய தாழ்வான மேசை. அதன்மேல் எப்போதும் வயிற்றைத் திறந்துகொண்டு ஓர் அயர்ன்பாக்ஸ் கிடக்கும். ஒரே அறையில் மூன்று தொழில். தையல் மிஷின் ஓடும்போது அவள் போனில் பேச முடியாது. அவன் மிக்ஸியை ஓட்டிப் பார்க்கும்போது யாருமே பேச முடியாது.

அவன் லைன்மேனாக இருந்தவன். புயலடித்த மறுநாள், முறிந்த கிளையை லைனிலிருந்து விலக்கக் கம்பத்தில் ஏறினான். மழையில் அடிமண் ஊறிப்போயிருந்த கம்பம் அடியோடு சாய்ந்தது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று ஊர் சொன்னது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் இருந்தது, வலு இல்லை. தினமும் பயிற்சி கொடுத்தால் ஏதையாவது பிடித்துக்கொண்டாவது நிற்க வைக்கலாம் என்றார் பெரிய ஊர் டாக்டர். அந்தப் பெரிய ஊருக்கு ஆஸ்பத்திரி வேன் வாரத்துக்கு இரண்டு தரம்தான் போகும். போய்த் திரும்புவதற்குள் செய்த பயிற்சியெல்லாம் குலுக்கலில் கரைந்துவிடும்.

"நம்ம ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஸ்டோர் ரூம் ஒண்ணு சும்மா கிடக்குதும்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். "அத எடுத்து பிசியோதெரபி அறையா ஆக்கிடலாம்னு குழுல பேச்சு. நூறாவது வருஷம்னு ஆர்ச்சு கட்டி, வாணவேடிக்கை விட்டா மறுநாள் என்ன மிஞ்சும்? இது நிக்கும்."

"ஆர்ச்சும் உண்டா, இல்லையா?" என்று ஜன்னலோரத்திலிருந்து லைன்மேன் கேட்டான்.

"ஆர்ச்சும் உண்டுதான்," என்று அவர் கொஞ்சம் அசடு வழிந்தார். "ஊருன்னா ஆர்ச்சு கேப்பாங்க தம்பி. நம்ம ஊர்ல பொறந்து வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிறவங்க மனசு வெச்சா எல்லாமே நடக்கும். அவங்கள பிடிக்கணும்னா வெப்சைட்டுதான் வழி."

அவர் போனதும் நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். லைன்மேனுக்கு மூத்தவள். தனியாள், தம்பி விழுந்த அன்றைக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பிறகு திரும்பிப் போகவில்லை.

"பாத்தியாடா, உனக்குன்னே ஒரு ரூம் கட்டப் போறாங்க."

"எனக்கா கட்டுறாங்க? ஊருக்குக் கட்டுறாங்க."

"ஊருல நீயும் ஒருத்தன்தானே. வாய மூடிட்டு எனக்கு அந்தக் கத்திரிய எடு."

கம்ப்யூட்டரம்மா வேலையில் இறங்கினாள். குழலை நிறுத்தினாள், அருவியை வற்றவைத்தாள். செத்துப்போனவரின் எண்ணை எடுத்துவிட்டு அவருடைய மகளைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அந்தப் பெண், "அப்ப இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்களா" என்றாள். பழைய ரயில் நிலையம், மார்க்கெட் கட்டடம், பள்ளிக்கூட மணி என்று ஊர்க்காரர்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து படங்களாகக் கொண்டுவந்து குவித்தார்கள். எதையும் விட்டுவிட முடியாது. "எங்க தாத்தா நிக்கிறாரு பாரு, இந்த ஓரத்துல" என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாரிசு இருந்தது. போனில் திறந்தால் சட்டென்று திறக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு நன்கொடைப் பட்டன் கண்ணில் படவேண்டும், கண்ணைக் குத்தவும் கூடாது. அந்தப் பட்டனின் நிறத்துக்கே குழுவில் ஒரு சண்டை நடந்தது.

நூலக மாடியில் முதல் தடவை காட்டியபோது எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். முகப்பில் ஆஸ்பத்திரிக் கட்டடம், கீழே பட்டன். செயலாளரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டடத்தப் பாத்து யாரும்மா மனசு இளகுவாங்க? ஒரு மனுஷ முகம் வேணும்."

அது சரிதான் என்று அவளுக்கும் தெரியும். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடமே அதுதான். மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா தப்பா எடுத்துக்காத. உன் வீட்டுக்காரரே இருக்காரு. ஊருக்கு வெளிச்சம் குடுக்கப் போய்க் கீழ விழுந்தவரு. அவரவிட வேற யாரு?"

அவள் சிலநாள் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். சாப்பாடு போடும்போது கேட்கலாம் என்று நினைப்பாள். அவன் சாப்பிட்டு முடித்துவிடுவான். கடைசியில் நாத்தனார்தான் வாங்கிவந்த முட்டைகளை எண்ணி வைத்தபடி போட்டுடைத்தாள்: "டேய், உன் மூஞ்சிய வெப்சைட்டுல போடணுமாம். உன் பொண்டாட்டி மென்னு முழுங்கிட்டுத் திரியுறா."

அவன் சிரித்தான். "இதுக்கா இத்தனை நாள்? போட்டுக்கோ. என் மூஞ்சிக்கு என்ன கேடு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்தாள். அவன் ஷேவ் செய்து, நாத்தனார் தேய்த்துக் கொடுத்த பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஜன்னல் வெளிச்சத்தில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு, மேசைக்குப் பின்னால். லட்சணமான படங்கள். பார்த்தால் யாருக்கும் ஒரு காசு கொடுக்கத் தோன்றாது. ரிப்பேருக்கு ஒரு மிக்ஸி கொடுக்கத்தான் தோன்றும்.

"போதுமா? முதுகு வலிக்குது," என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறினான். தினமும் மாறுகிற மாதிரிதான். ஊன்றிய கை போர்வையில் வழுக்கியது. பாதி உடம்பு கட்டிலிலும் பாதி காற்றிலுமாக, வாய் கோணி, கண் அவளைத் தேடி, அவன் சரிந்துகொண்டிருந்த அந்த நொடியில் அவள் விரல் அழுத்தியது. பழக்கத்தில் தானாக அழுத்தியதா, அவள்தான் அழுத்தினாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. படம் பதிந்த பிறகுதான் போனை எறிந்துவிட்டு ஓடினாள். அதற்குள் நாத்தனார் தாங்கிப் பிடித்திருந்தாள்.

குழுவில் காட்டும்போது ஜன்னலோரப் படங்களைத்தான் காட்ட நினைத்தாள். தள்ளிக்கொண்டே போன விரலுக்குக் கீழே அந்தப் படமும் வந்துவிட்டது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதாம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக.

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனே கேட்டான்.

"என்ன சொன்னாங்க? ஜன்னல் ஓரமா எடுத்ததுதானே?"

"ம்," என்றாள்.

ஒரே ஓர் எழுத்து. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள். அவனிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். அதில் பேசலாம், வேறொன்றும் முடியாது. வேலை முடியட்டும், காட்டுகிறேன் என்று சொல்லி வைத்தாள். இந்த அறை வந்தால் அவன் தினமும் போவான், நிற்பான், நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம், நின்றவனுக்குக் கோபம் வராது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் கட்டிக்கொண்டாள்.

'இவர் எழுந்து நிற்க நீங்கள் கை கொடுப்பீர்களா?' என்ற வாசகத்தோடு தளம் திறந்தது.

கொட்டியது என்றுதான் சொல்லவேண்டும். எங்கெங்கோ இருந்து, ஊரை மறந்தேபோனவர்களிடமிருந்து எல்லாம் வந்தது. கூடவே கடிதங்கள்: 'எங்கள் தெருவில் விளக்கு எரியாவிட்டால் இந்த அண்ணன்தான் வருவார்', 'படத்தைப் பார்த்து அழுதேன்'. மருந்துக்கடைக்காரர் கடையில் நின்றபடியே போனை வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அவள் வேலையை அத்தனை பேர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் அவளுக்கு இல்லையென்று சொன்னால் பொய்.

வீட்டில் வேறொன்று நடந்தது. சலவைக்கடைக்காரர் மாதாமாதம் கொண்டுவருகிற அயர்ன்பாக்ஸ்கள் வரவில்லை. மிக்ஸிகள் நின்றன. ஏற்கெனவே கொடுத்திருந்த ஃபேனைக்கூட ஒரு பெண் வந்து, "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம், நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்" என்று தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் வெறுங்கையோடு யாரும் வரவில்லை. பழம், பிஸ்கட், ஹார்லிக்ஸ்.

"ஊருக்கே என்ன புடிச்சிருக்கு?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். "எவனப் பாத்தாலும் ஆப்பிள் குடுக்குறான். ஒருத்தனும் அயர்ன்பாக்ஸ் குடுக்க மாட்டேங்குறான். ஆப்பிள நான் எங்க சால்டர் பண்றது?"

மேசை காலியாகக் கிடந்தது. அவன் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

நாத்தனார் தளத்தை முதல் நாளே பார்த்திருந்தாள். துணி வெட்டும் பலகைக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்திச் சொன்னாள். "அவன் விழும்போது புடிச்சது நான். படம் புடிச்சது நீ. அத நான் இதுவரைக்கும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா அவனுக்கு அடுத்தவங்க வாயால தெரியக் கூடாது. நீயே சொல்லிடு."

"சொல்றேன் அண்ணி."

"எப்ப?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேனில் கூட வருகிற பேக்கரிக்கார அம்மா, "நீ பெரிய ஆளாயிட்டப்பா" என்று போனை நீட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுவந்ததும் அவன் தண்ணீர் கேட்டான். குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஜன்னல் ஓரமா எடுத்ததுன்னு சொன்ன."

அவள் டம்ளரை எடுத்தாள்.

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. தெரியல. நீ கேக்கல, அதனால அது எனக்கும் தெரியாமயே போச்சு."

"உங்களுக்காகத்தான்..."

"எனக்காகத்தான். தெரியும்." குரல் உயரவில்லை. "கம்பத்துலேர்ந்து விழுந்தப்ப ஒரு தரம்தான் விழுந்தேன். ஒருத்தரும் பாக்கல. இப்ப உலகம் பூரா எவன் எவனோ போனத் திறக்குறான், திறக்குற போதெல்லாம் விழுந்துட்டிருக்கேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அதன் பிறகு அவன் பேசாமல் இருந்தான் என்று சொல்ல முடியாது. உப்பு கொண்டா என்றான், விளக்கைப் போடு என்றான். அதுதான் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவளும் பதிலுக்கு அழுது தீர்த்திருப்பாள். அவன் விருந்தாளி வீட்டில் இருக்கிறவன் மாதிரி மரியாதையாக இருந்தான். கட்டிலுக்கு மாறும்போது அவள் பக்கத்தில் வந்தால், "அக்கா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டான்.

அவள் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். படத்தை எடுத்துவிடப்போகிறேன் என்றதும் அவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார்.

"விழாவுக்கு இன்னும் நாள் இருக்கும்மா. இப்ப எடுத்தா வர்றது நின்னுடும். உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"அந்த வேன்ல போய்ட்டு வந்து எல்லாரும் இங்கதான் வலி மாத்திர வாங்குறாங்க. நான் வித்துக்கிட்டேதான் இருக்கேன். வேணாம்னுதான் இந்த வேலையில இறங்கினேன்." அவர் கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார். "தம்பி மனசு கஷ்டப்பட்டுருச்சுன்னா நானே வந்து மன்னிப்பு கேக்கறேன். ஆனா அந்த அறை வேணாமா உனக்கு?"

வேண்டும். அதுதான் சிக்கல். நல்ல மனிதர், நல்ல காரியம், நன்றாக வேலை செய்கிற பக்கம். தள்ளிவிடுவதற்கு எதிரே ஒரு கெட்டவன்கூட இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அந்தப் படத்த எடுத்துடவா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "எடுக்காத."

"ஏங்க?"

"வேன்ல நான் மட்டுமா போறேன்? என் மூஞ்சி போனாப் போவுது, ரூமு வரட்டும்னு தோணுது. ஒரு நேரம் அது வேண்டவே வேண்டாம்னும் தோணுது. நானே முடிவு பண்ண முடியல. நீயும் பண்ணாத." அவள் பக்கம் திரும்பினான். "அவங்கள கேளு. வர்றியா வேன்ல?"

இத்தனை காலத்தில் அவள் அந்த வேனில் ஒருநாளும் போனதில்லை. நாத்தனார்தான் துணைக்குப் போவாள். வேலை இருந்தது என்பது நிஜம். வேலை இல்லாத நாளிலும் போகவில்லை என்பதும் நிஜம்.

விடிந்தும் விடியாமலும் வேன் வந்தது. பின்பக்கம் டீசல் நாற்றம், தைல நாற்றம், பேக்கரிக்கார அம்மாவின் மடியில் சூடான பன் வாசனை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவள். இடது கையாலேயே எல்லாருக்கும் பன் விநியோகம் செய்தாள். எதிரே கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து முட்டி நொறுங்கியவர். கடைசி இருக்கையில் டிரைவரின் மாமனார், எதற்கு வருகிறார் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

"இதுதான் உன் வூட்டுக்காரம்மாவா?" என்றாள் பேக்கரிக்காரி. "ஏம்மா, நீ படம் எடுக்குறவளாமே. என்ன ஏன் எடுக்கல? இவன விட நான் நல்லா இல்லையா?"

"உங்கள எடுத்தா வெப்சைட்டு நின்னுடும்," என்றார் கொத்தனார்.

"உன்ன எடுத்தா கரண்டே போயிடும். பன்னத் தின்னு."

வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் பிடிக்கத் தெரியாமல் தலையை இடித்துக்கொண்டாள்.

"அடுத்தது வலது பக்கம் வரும்," என்று லைன்மேன் சொன்னான். வேனில் ஏறியதிலிருந்து அவன் அவளிடம் சொன்ன முதல் பேச்சு அது.

அவள் கேட்டுவிட்டாள். படம் இருக்கட்டுமா, எடுத்துவிடவா, எடுத்தால் வருகிறது குறையும். டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்தார்.

பேக்கரிக்கார அம்மா பன்னைக் காகிதத்தில் சுற்றினாள். "உண்மையச் சொல்லட்டா? அந்தப் படத்தப் பாத்தப்ப யாரோன்னுதான் நெனச்சேன். இவன் வேன்ல வாய மூடி நான் பாத்ததில்ல. என் மருமக எனக்கு அனுப்பினா, 'பாவம் அத்தே'ன்னு. எனக்குப் பாவமாவே இல்ல, பயமாத்தான் இருந்துச்சு. நாம எல்லாரும் வெளியிலேர்ந்து இப்படியா தெரியுறோம்னு."

"காசு வருதுல்ல," என்றார் டிரைவரின் மாமனார்.

"காசு வருதுங்க, யாரு இல்லேன்னா?" கொத்தனார் முட்டியை நீவிக்கொண்டார். "அழுதாத்தான் வரும்னா நானும் உக்காந்து அழறேன். ஆனா நாளைக்கு இந்தக் காலு கொஞ்சம் தேறிச்சுன்னு வெச்சுக்கங்க. அழுத மூஞ்சிய ஊரு பூரா பாத்தாச்சு. எவன் கூப்பிட்டு என் கையில சுவரக் குடுப்பான்? தம்பிக்கு இப்ப யாராவது மிக்ஸி குடுக்குறாங்களா கேளு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எடுத்துடறேன்," என்றாள்.

"எடுத்துட்டு வெறும் சுவர போடுவியா?" பேக்கரிக்காரி விடவில்லை. "எங்கள போடு. எல்லாரையும். ஆனா சொல்லிட்டு எடு. தல வாரிட்டு வரேன்."

அடுத்த தரம் வேன் போகையில் டீக்கடை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். பேக்கரிக்கார அம்மா நல்ல புடவையில் வந்திருந்தாள். விழுந்த கையைத் தானே தூக்கி மடியில் எடுப்பாக வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் யார் என்பதில் சண்டை வந்து, படத்தில் கொத்தனார் பாதி முகத்தோடுதான் இருக்கிறார். எல்லாரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், டிரைவரின் மாமனார் தவிர. அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே அவரவர் சொன்னதை அவரவர் பேச்சிலேயே எழுதினாள். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, திரும்பி வரும்போது எந்த இடத்தில் வலி தொடங்கும், பக்கத்திலேயே ஓர் அறை இருந்தால் மிச்சமாகிற பொழுதில் யார் யார் என்ன செய்வார்கள் என்று. கொத்தனார், 'வீட்டுப் பின்சுவர் பாதியில் நிற்கிறது, அதை முடிப்பேன்' என்றார். லைன்மேன் தன்னுடையதைத் தானே சொல்லி எழுத வைத்தான். அவள் அவன் கட்டிலருகே உட்கார்ந்து டைப் அடித்தாள்.

"லைன்மேன். இப்ப ஃபேன், மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர். வேலை நின்னு போச்சு. பழம் வேணாம். ரிப்பேர் இருந்தா கொண்டு வாங்க."

"இது நன்கொடைப் பக்கங்க."

"அதனால என்ன? போடு."

மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, இது நன்கொடை கேக்குதா, விளம்பரம் பண்ணுதா?" ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "அந்த அம்மா கைய எப்படி வெச்சிருக்கு பாரு," என்று மட்டும் சொன்னார்.

கதை என்றால் இந்த இடத்தில் பழைய படத்தைவிடப் புதிய படத்துக்கு அள்ளிக் குவிந்தது என்று சொல்லலாம். அப்படி நடக்கவில்லை. வருவது குறைந்தது, நன்றாகவே குறைந்தது. வந்த கடிதங்களில் அழுகை இல்லை. 'அந்த வளைவுப் பள்ளம் இன்னுமா இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். விழா நெருங்கும்போது, அறைக்கு நினைத்ததில் ஒரு பங்கு துண்டு விழுந்தது. மாடியில் குழு கூடிக் காரசாரமாகப் பேசியது. அவள் முகத்தைப் பார்க்காமலே ஒருவர், "நல்லா ஓடிட்டிருந்தத மாத்தினதாலதானே" என்றார். அது உண்மை. தலைமையாசிரியைதான் கடைசியில், "ஆர்ச்சு இல்லாம ஒரு ஊரு நூறு வருஷம் இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?" என்றார். வாணவேடிக்கையையும் ஆர்ச்சையும் வெட்டியும் மின்சாரத்தில் இயங்குகிற ஒரு பெரிய கருவிக்குப் போதவில்லை. கருவி அப்புறம் என்று விட்டார்கள்.

வீட்டில் சட்டென்று எதுவும் நேராகிவிடவில்லை. முதலில் சலவைக்கடைக்காரர் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு, மூன்று நாள் தன் கையால் பிரித்துப் பார்த்துக் கெடுத்த அயர்ன்பாக்ஸோடு. லைன்மேன் அதைத் திறந்து பார்த்து, "இத யாரு தொட்டது?" என்று கேட்ட தொனியில் நாத்தனார் மிஷினுக்கு மேலே குனிந்து சிரித்தாள். பிறகு மிக்ஸிகள் வந்தன. ஒரு சாயங்காலம், மழை விட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கட்டிலுக்கு மாறவேண்டியிருந்தது. நாத்தனார் சமையலறையிலிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான்.

"கொஞ்சம் பிடி," என்றான்.

அவள் பிடித்தாள். அவன் கனத்தை அவள் தோள் வாங்கியது.

"அன்னிக்குப் பிடிச்சிருக்கணும்," என்றாள், அவன் தோளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டே.

"ஆமா," என்றான் அவன். கையை எடுக்கவில்லை.

விழா வந்து போனது. பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், ஊர்வலத்தின்போது தூறியது, பேசியவர்கள் அதிகம் பேசினார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஸ்டோர் ரூமில் சுண்ணாம்பு காய்வதற்கு மேலும் சில வாரங்கள் பிடித்தன. கொத்தனாரே உட்கார்ந்தபடி ஓரங்களைப் பூசினார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மேசை, ஒரு சைக்கிள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கிறதற்கு நீளமாக இரண்டு கம்பிகள். அவ்வளவுதான் அறை.

வாரத்துக்கு இரண்டு தரம் என்பது தினமும் என்று ஆனது. நாத்தனார் ஒருநாள், அவள் ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் போனார்கள். கம்பியைப் பிடித்து எழுவான், கால் மடியும், உட்காருவான். சொல்லிக்கொடுக்க வந்த பெண் சலிக்காதவள். அவனும் சலிக்கவில்லை, அல்லது சலிப்பைக் கிண்டலாக மாற்றிக்கொண்டான். இப்படியே குளிர்காலம் போயிற்று.

ஒரு காலையில் கம்ப்யூட்டரம்மா துணைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் பேக்கரிக்கார அம்மா ஒரு ரப்பர் பந்தை விரலால் அழுத்தப் போராடிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கம்பியையும் பற்றினான், மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தான். முட்டி நடுங்கியது. மடியவில்லை. இடுப்பு நிமிர்ந்தது, பிறகு முதுகு, கடைசியில் தலை. அப்படியே நின்றான்.

எதிரே நின்றிருந்த அவள் அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எப்போதும் பார்க்கிற இடத்தில் அவன் முகம் இல்லை. சட்டைப் பொத்தான் இருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். இன்னும் நிமிர்த்தவேண்டியிருந்தது. அவன் தன்னைவிட உயரம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றான் மேலேயிருந்து, மூச்சு வாங்க.

"ஒண்ணுமில்ல," என்றாள். "கழுத்து வலிக்குது."